ஊதா

சோஹாரில் எனக்கு வேலை
வரைபடத்துக்கு நிறம் போடுவது.
மஞ்சள், குடியிருப்பு. சிவப்பு, கடைகண்ணி.
சாம்பல், கிடங்கு. ஊதா, தொழிற்சாலை.
ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே
ஐந்நூறு மீட்டர் வெறும் மணல்:
புகைபோக்கிக்குப் பயந்து எவரோ எழுதிய விதி.
நிலத்தை ஐந்தாகப் பிரித்த மொழிக்காரி நான்,
அந்த மணலுக்கு என்னிடம் பெயர் இல்லை.

மனை நாற்பத்தாறு சாம்பல்.
கிடங்கென்று எழுதிக்கொடுத்துவிட்டு
உள்ளே வால்வு கடைந்துகொண்டிருந்தாள்
ஷம்ஸா அல் பலூஷி.
ஏழு எந்திரம், பதினொரு பேர்.
பெட்டியை அடுக்கலாம்,
பெட்டிக்குள் போவதைச் செய்யக் கூடாது.
மூன்று அபராதச் சீட்டையும்
சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தாள்.

சத்தம் அளக்கப் போனேன்.
எந்திரக் கதவைச் சாத்திவிட்டு இருதயராஜ் சொன்னார்:
"ஏசி சத்தம்தான் மேடம் இதவிடக் கூட."
ஐம்பத்தெட்டு.
பக்கத்தில், அனுமதி பெற்ற கிடங்கின் வாசலில்,
உறுமிக்கொண்டு நின்ற மீன் லாரி
எழுபத்தொன்று.
இரண்டையும் ஒரே தாளில் எழுதினேன்.
வேறொன்றும் எழுதவில்லை.

எட்டு மாதம்.
பத்துக் கூட்டம், பேரீச்சம்பழம், காவா.
கடைசியில் ஒரு வரி மாறியது:
உள்ளே என்ன செய்கிறாய் என்பதல்ல கேள்வி,
வெளியே என்ன வருகிறது.
புகையில்லாத பட்டறைக்கு
ஐந்நூறு ஐம்பதானது.
நாற்பத்தாறில் சுட்டியை வைத்து அழுத்தினேன்,
ஊதா.

பிறகு வந்தார்கள்.
வால்வுக்கு வளையம் செய்கிறவன்,
வளையத்துக்குப் பூச்சு பூசுகிறவன்,
மூன்று பட்டறைக்கும் பழுது பார்க்க சுவைக்கிலிருந்து இரண்டு பையன்கள்,
எல்லாருக்கும் டீ போட ஒரு திரூர்க்காரர்.
அவருக்குச் சிவப்பு வேண்டும்,
அது தனி மனு.
வங்கியில் கடன் கேட்டபோது
ஷம்ஸா நீட்டியது என் வரைபடத்தின் நகலை.
மேலாளர் நிறத்தைத்தான் பார்த்தாராம்.

இருதயராஜ் மட்டும் இன்னும்
விடியுமுன் நாலரைக்குப் பேருந்து ஏறுகிறார்.
முகாம் எழுபது நிமிடத் தொலைவு.
மீந்த மணலில்
நானூற்றைம்பது மீட்டர் இருக்கிறதே என்று
ஒரு துண்டு மஞ்சள் போட்டு அனுப்பினேன்,
நடந்தே வேலைக்கு வருகிற தூரத்தில்.

யார் கேட்டது இந்த மஞ்சளை, என்றது குழு.
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், என்றது.

அடுக்கை அணைத்து வைத்திருக்கிறேன்.
அழிக்கவில்லை.