அளந்த கடல்

பத்தூமித் துறைமுகத்து மீன்கடையில்
அன்சோர் முதலில் நீந்தியது
கோனியோவிலிருந்துதான்.
இரண்டாம் கோப்பையில் அது சார்ப்பி.
எல்லைக் காவலரின் தேடுவிளக்கு
முதுகில் சூடு போட்டதாம்.
அடுத்த கோடைக்கு ஹோப்பா.
துருக்கி பாவம்,
ஒதுங்கி ஒதுங்கி இடம் கொடுத்தது.

கடலை எல்லோரும் பார்க்கிறோம்,
அளப்பவன் இவன் ஒருவன்தான் என்பாள்
கல்லாவில் இருக்கும் நாஸிப்ரோலா.

ஒரு நாள் படகு மெக்கானிக் ஒருவன்
"சாட்சி?" என்றான்.
அன்சோர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.
தன் தட்டிலிருந்த கடைசி நெத்திலிகளை
என் பக்கம் நகர்த்தினான்.
"பின்னாலேயே படகில் வந்தது நான்தான்" என்றேன்.

எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது.
கட்டிவைத்த படகில் ஏறினாலே குமட்டும்.

பிறகு அந்தப் படகுக்கு மோட்டார் வந்தது,
மோட்டாருக்குப் புகை,
புகைக்கு அப்பால் ஒரு டால்பின்.
டால்பின் என் யோசனை.

பிப்ரவரி மழையில் அன்சோரைப் புதைத்தோம்.
செருப்பில் அப்பிய மண்ணைப்
புல்லில் தேய்த்தபடி
அவன் மகள் லாமாரா கேட்டாள்:
"உண்மையில் அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?
எங்களோடு ஒரு நாளும்
முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லையே."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"இரண்டு கை தள்ளி
கூடவே நீந்தி வந்தவன்,
எனக்குத் தெரியாதா?" என்று வந்தது.

இப்போதெல்லாம் முதல் கோப்பை எனக்குத்தான்.
நேற்று டிராப்ஸோனிலிருந்து புறப்பட்டேன்.
அலை கொஞ்சம் அதிகம்.
பாதி வழியில் யாரோ
"படகில் யார் வந்தது?" என்றார்கள்.

மெக்கானிக் தலை குனிந்து
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
என் தட்டை
மெதுவாக
அவன் பக்கம் நகர்த்தினேன்.