நண்டைப் பற்றிச் சொல்லவில்லை

நாடியை வைக்கச் சொன்னா, வைத்தேன்.
கீற்று வெளிச்சம் கண்ணைப் பிளந்து பார்த்தது.
"தும்மல் இருக்கோ? முட்டு? தோலிலை கடி?"

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி,
என் இலக்கம் அறுபத்திரண்டு.
விரலிடுக்கில் இன்னும்
காலமை பாசையூரில் உடைத்த நண்டு.

கடி என்றால்
கையுறைக்குள் ஒவ்வொரு நாளும்.
தும்மல் என்றால்
அவித்த கிடாரத்தின் மூடி திறக்க
எங்கள் வரிசையே தும்மும்.
பிலோமினாக்கா
செபமாலை மாதிரி எண்ணிச் சிரிப்பா.
இந்தச் சிவப்பு மட்டும் எனக்குத்தான்,
இடது கண்ணில், மூன்றாந்தரம்.

"ரெண்டுக்கும் தொடுப்பு இருக்கோ, டொக்டர்?"

"சிலருக்கு இருக்கலாம்.
ஒவ்வாமையிலை சிவக்கிறது வேறை,
அது மேலாலை.
இது உள்ளுக்கை எரியிற அழற்சி.
ரெண்டும் ஒரே வீட்டிலை இருக்கும் சிலவேளை.
சொந்தக்காரரோ, வாடகைக்காரரோ,
எனக்கு உறுதியாச் சொல்லேலாது.
என்ன வேலை செய்யிறீங்கள்?"

பேனை காத்திருந்தது.

கிலோவுக்குத்தான் கூலி.
யூலியனின் வள்ளத்துக்கு எடுத்த கடனில்
இன்னும் பதினொரு தவணை.

"தையல்," என்றேன்.

எழுதினா.
"ஊசி கோர்க்கக் கண் கூசுமே" என்று
உண்மையாகவே இரங்கினா.
எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

நண்டு ஆபத்தென்றால்
கண்ணை மடக்கி ஓட்டுப் பள்ளத்தில் வைத்துவிடும்.
நான் பஸ் நிலையம்வரை
மருந்துத் துண்டால் வெயிலை மறைத்து நடந்தேன்.

மணித்தியாலத்துக்கு ஒரு துளி.
இரவு, சவர்க்காரம் போட்டு இருதரம் கழுவி,
கீழிமையை இழுத்துப் பிடித்தேன்.
விரல் நண்டு மணத்தது.