மேல்வீட்டுக் கடல்

போக்னா கடல் வளர்க்கிறாள்.
நானூறு லிட்டர்,
என் கட்டிலுக்கு நேர் மேலே.

நிகிஷோவியெட்ஸின் செங்கல் குடியிருப்பில்
அதன் மோட்டார் மூன்று வருடமாக
என் உறக்கத்துக்குள் ஓடுகிறது.
ஒருமுறை ஒழுகியது.
விட்டத்தில் இன்னும் உப்புப் பூத்த கறை.
சண்டைக்குப் போனேன்.
மன்னிப்புக் கேட்காமல்
தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

"கல் இல்லை, ஆலோய்ஸ்.
மேலே அந்த மெல்லிய தோல்தான் உயிர்.
மிச்சமெல்லாம் அது கட்டிக்கொண்ட வீடு."
ஊதாக் கொம்புகள். நுனி வெளுத்திருந்தால்
வளர்கிறது என்று அர்த்தமாம்.
அடியிலிருந்து வெள்ளை ஏறினால்
வேறு அர்த்தமாம்.

டிராம் ஓட்டிவிட்டு வந்து
சீருடையோடே சோதனைக் குப்பியில்
சொட்டு எண்ணுவாள்.
நீலம் இளஞ்சிவப்பாகும் சொட்டுவரை
மூச்சு விடமாட்டாள்.
"காரம் நேற்று எட்டு, இன்று ஏழரை.
எலும்பு கட்டுகின்றன."
மகிழ்ச்சியா கவலையா, எனக்குப் பிடிபடவில்லை.

நான் அறுநூறு மீட்டர் கீழே
கல்லாகிப்போன காட்டைப் பெயர்த்து
மேலே அனுப்புகிறவன்.
அது எரிந்து எங்கோ கடல் சூடாகிறது,
பவளம் வெளுக்கிறது என்று
அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
தொலைக்காட்சி சொன்னது.
சேனலை மாற்றினேன்.

ஜனவரியில்
உறைமழை மின்கம்பியை அறுத்த இரவு
என்னை எழுப்பியது சத்தமல்ல.
சத்தம் நின்றது.

சுரங்க விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.
கதவு திறந்து கிடந்தது.
முழங்கைவரை நனைந்து, குவளையால்
மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்,
நீருக்குக் காற்று ஊட்ட.
வெப்பமானியில் இருபத்திரண்டு.

கீழே என் கணப்பு எரிந்துகொண்டிருந்தது,
கம்பெனி தரும் கரியில்.
வெந்நீர் காய்ச்சி
பாட்டில்களில் நிரப்பி மூடி இறுக்கி
அக்ரோபோராக்களுக்கு மேலே மிதக்கவிட்டோம்.
இறங்கினேன். ஏறினேன்.
எத்தனை வாளி கரி? எண்ணவில்லை.

அவள் கை மரத்தபோது நான் மொண்டேன்.
என் வெளிச்சம் பட்டதும்
கொம்பெங்கும் குட்டி விரல்கள்
உள்ளே போய்விட்டன.
"அணை. இருட்டில்தான் அவை சாப்பிடும்."
அணைத்தேன்.
இருட்டு எனக்குப் பழக்கம்தான்.
உப்பு வாசனையுள்ள இருட்டு
அன்றுதான் முதல்முறை.

காலை பத்தரைக்கு மோட்டார் இருமிவிட்டு ஓடியது.
ஓரத்தில் ஒரு கிளை போய்விட்டிருந்தது,
தோல் நூல்நூலாய்ப் பிரிந்து.
சின்ன ரம்பத்தால் அறுத்தாள்.
உயிருள்ள நுனியைப் பசை தொட்டு
புதுக் கல்லில் ஒட்டினாள்.
செத்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல்
என் உள்ளங்கையில் வைத்தாள்.

அது சன்னல் விளிம்பில் இருக்கிறது.
வாரம் ஒருமுறை கரித்தூசி படிகிறது,
ஊதிவிடுகிறேன்.

விட்டத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.
நடு இரவில் விழிப்புத் தட்டினால்
மேலே ஓடுகிறதா என்று
காது கொடுத்துவிட்டு
அப்புறம்தான் புரண்டு படுக்கிறேன்.