முதல் ஒன்று நாற்பது

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.
பன்னிரண்டு அடித்தால் எமகண்டம்,
அதற்குள் முடிக்க வேண்டும்.
திருப்பூட்டு பதினொன்று பத்துக்கு.
"அவங்கவங்க ஊர் மணியைப் போட்டு அனுப்பிருங்க தம்பி"
என்றார் குமரப்ப செட்டியார்.
நான் கேமராக்காரன்.
பள்ளத்தூரிலிருந்து படம் வெளியே போவதற்கு மட்டும்தான்
கூலி பேசியிருந்தோம்.

சரி என்று உட்கார்ந்தேன்.
பினாங்குக்கு இரண்டரை கூட்டினேன்:
பகல் ஒன்று நாற்பது.
நியூ ஜெர்சிக்கு ஒன்பதரை கழித்தேன்:
இரவு ஒன்று நாற்பது.
ஒரே எண். சொல்தான் வேறு.
மெல்போர்னில் காபி நேரம்,
லண்டனில் இன்னும் விடிந்திருக்காது.
ரங்கூனுக்கும் ஒரு மணி கூட்டி எழுதிவிட்டேன்.
அங்கே இவர்களுக்கு இப்போது யாருமில்லையாம்.
அழித்தேன்.

சனி ராத்திரி பந்தல் விளக்கைச் சரிபார்க்கையில்
நியூ ஜெர்சி கூப்பிட்டது.
பெண்ணின் அண்ணன், வைரவன்.
விசா காகிதம் எங்கோ மாட்டிக்கொண்டு
வர முடியாமல் போனவன்.
"எந்த ஒன்று நாற்பதுண்ணே?"
"ராத்திரிதான்."
"இன்னிக்கு ராத்திரி இங்க அது ரெண்டு தடவை வருது."

மார்ச்சில் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்தை
நவம்பரில் திருப்பித் தருவார்களாம்.
இரண்டு ஆகப்போகும் கடிகாரத்தை
மறுபடி ஒன்றில் வைப்பார்களாம்.
எட்டு மாசத்துக்கு வட்டி?
கிடையாது என்றேன்.
செட்டியார் நம்பவில்லை.

திருத்தி அனுப்பினேன்:
'இரவு, முதல் ஒன்று நாற்பது.'
கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.
"முதல்னு போட்டிருக்கீங்களே,
அப்ப மத்தது வட்டியா?"

மறுநாள்
பினாங்கு, சாப்பாட்டுத் தட்டோடு வந்தது.
வைரவன் போர்வையோடு வந்தான்.
அறையில் மற்றவர்கள் தூக்கம்,
அதனால் ஒலியை அணைத்திருந்தான்.
மேளம் உச்சத்துக்குப் போக
தேனம்மை கழுத்தில் கழுத்தீரு ஏறியது.
அவன் வாய் மட்டும் அசைந்தது, என்னவோ சொன்னான்.

பதினொன்றரைக்கு
அவன் முதுகுக்குப் பின்னால் அடுப்பு மேல் கடிகாரம்
2:00 காட்டியது.
எழுந்து போய்
பொத்தானை அழுத்தி அழுத்தி 1:00 ஆக்கினான்.
திரும்பி வந்து உட்கார்ந்தான்.
கூட்டம் பந்திக்குப் போயிருந்தது.
மேடையில் கிடந்த மாலையை
ஒரு பையன் காலால் ஒதுக்கினான்.
பினாங்கு போய்விட்டது. லண்டனும்.

வயரைச் சுருட்டப் போனேன்.
தேனம்மை கையை நீட்டித் தடுத்தாள்.
இன்னொரு கையில் இலைத்துண்டு,
அதில் கந்தரப்பம்.
கேமராவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.
அவன் ஒரு ரொட்டியை எடுத்துக் காட்டினான்.
அவள் சிரித்ததில் நெற்றிச்சுட்டி நழுவியது.
அங்கே ஒலி இல்லை, இங்கே மைக்கை நான் கழற்றிவிட்டேன்.
இருவரும் சாப்பிட்டார்கள்.

செட்டியார் தேடிக்கொண்டு வந்தார்.
"இன்னுமா ஓடுது? மணி என்ன?"
பன்னிரண்டு பத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.
அடுப்புக் கடிகாரம் 1:40.
அவரும் பார்த்தார்.
"எமகண்டம்" என்றார் மெதுவாக,
விளக்கு வெளிச்சத்தில் தன் நிழல் விழாத பக்கமாய்
தள்ளி நின்றுகொண்டார்.