நீல நூல் கட்டிய முள்

ஆவணியில் திருகோணமலை முழுக்கக் கடலைத்தான் பார்க்கும்.
கரைவலை இழுக்க ஆள் போதாது.
நிலாவெளியில் வாடி போட்டவர்கள்
கீரிக்கும் பாரைக்கும் விலை கூவுவார்கள்.
மச்சாள் ஈஸ்வரநாயகி கேட்கிறாள்:
"சேத்துமீன் பிடிக்கிற உனக்கு
தோணி ஒரு கேடோ?"

தோணியில்லை. லொறிச்சில்லு ரியூப்.
அதில் கட்டிய பலகை, பலகையில் நான்.

பன்குளம் தாண்டி உள்ளுக்கு நாலு கட்டை.
மூன்று குளம்,
ஒன்றின் வான் அடுத்ததின் வாய்.
மேலே கல்வெவ, நடுவில் எங்கள் நாவற்குளம்,
கீழே மரைக்கார்குளம்.
மார்கழியில் மூன்றும் ஒரே தண்ணீர்.
வான் பாய்கிற இரைச்சலில்
மீனிடம் ஊர் கேட்க ஆளில்லை;
கீழ்க்குளத்துக் குஞ்சு எதிர்த்தேறும்,
மேல்குளத்துக் கிழடு தலைகுப்புற விழும்.

கோடை அப்படியில்லை.
மூன்று மாதக் கச்சான்
குளங்களைப் பாகப்பிரிவினை செய்துவிட்டது.
இடையில் வெடித்த மண், எருக்கலை, காய்ந்த சாணம்.
இப்போது குளம்விட்டுக் குளம் போகிறவை இரண்டுதான்:
இரவில் முதலை,
விடிய என் சைக்கிள்.
சில காலைகளில் அதன் வால் இழுபட்ட கோட்டிலேயே
என் முன்சில்லு உருளும்.

தொங்கவிட்ட காலில்
முழங்கால்வரை சூடு, கீழே குளிர்.
கிழமைக்கு ஒரு சாண் அந்தக் குளிர் இறங்குகிறது.
போன மாதம் இடுப்பளவில் நின்ற பட்டமரம்
இன்று வேரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது,
அதில் இரண்டு நீர்க்காகம் செட்டை விரித்து,
யாரோ காயப்போட்ட சேட்டுகள் மாதிரி.

வலையில் செல்வன் நாற்பது, நாற்பத்தைந்து.
பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளில்
இஸ்மாலெவ்வை வரும்வரை ஈரச்சாக்கு.
அதற்குள் ஐஸ் தண்ணீராகும்,
தண்ணீர் என் பாவாடையாகும்.

அந்தப் புதன்கிழமை மரைக்கார்குளம்.
தவளை குத்தி எறிந்தேன், தாமரைத்தண்டோரம்.
விரால்.
இரண்டரைக் கிலோ, கைப்பெருவிரலைக் கடித்த கோபம்.
வாயைத் திறந்தால்
உள்ளே ஏற்கெனவே ஒரு முள்,
துரு ஏறி, தாடையோடு தாடையாய்.
கழுத்தில் நீல நைலோன், மூன்று சுற்று, இறுக்கிய முடிச்சு.

இஸ்மாலெவ்வை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது நம்மட குளத்து முள் இல்ல, வதனி.
மேல திலகசிறிதான் நீலநூல் கட்டுறவன்.
மாரியில அறுத்துக்கொண்டு வந்திருக்கும்."

அப்போ இந்த முள்ளோடு
இரண்டு வான் இறங்கியிருக்கிறது.
எட்டு மாதம் தின்றிருக்கிறது, வளர்ந்திருக்கிறது,
ஒருவேளை குஞ்சுகூடப் பொரித்திருக்கிறது.

போனேன். ஏன் போனேனென்று தெரியாது.
ஒரு முள் இருபது ரூபாய்.
வெயிலில் ஆறு கட்டை மிதித்தேன்.

துருசடியில் கெளுத்தி உரித்துக்கொண்டிருந்தார் திலகசிறி.
முள்ளை வாங்கினார், திருப்பினார்,
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"என்ட இல்ல தங்கச்சி.
நான் ரெண்டு சுத்து. இது மூணு."
பிறகு மெதுவாய்,
"கட்டினவன் கெட்டிக்காரன்."
பிறகு,
"மீன் எங்க?"
"வித்திட்டன்."
அவர் சிரித்த சிரிப்பில்
உரித்த கெளுத்தியொன்று தண்ணீருக்குள் விழுந்துவிட்டது.

எங்கள் குளத்தில் கேட்டேன். இல்லை.
பால்காரன், வனக்காவலாளி,
லீவில் வந்த இரண்டு பொடியன்கள். இல்லை.
மூன்று குளத்திலும்
மூன்று சுற்றுக்காரன் ஒருவனுமில்லை.
அப்படியென்றால் மூன்றுக்கும் மேலே
எனக்குத் தெரியாத ஒரு நாலாங்குளம்.
அல்லது வீதியால் போன யாரோ
ஒரே ஒரு பின்னேரம்
கட்டில் நின்று எறிந்தது.

புரட்டாதி பிறந்து மச்சாள் ரெலிபோன் எடுத்தாள்.
மருமகளுக்கு வயிற்றில் ஒபரேசன்,
விரால் ரசம் நல்லதாம், கிடைக்குமோ?
"சேத்துமீன்" என்று என் நாக்கில் வந்தது.
விழுங்கிவிட்டேன்.

முள்ளுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
கூர் இன்னும் இருக்கிறது.
அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை,
அவிழ்த்தால் எனக்கு அப்படிக் கட்ட வராது.
தவளை குத்தி எறிந்தேன்.
விழுந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.
ஆனால் தண்ணீர்
விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் அப்பால்
அசைந்தது.