முட்டு மடக்கி

முட்டம் பாறையில் வழுக்கியவள்
வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தாள்.
திங்கள்சந்தையில் எங்கள் ஸ்கேன் சென்டர் வாசல்
ஆறேகால் அடி.
இடிபடாமல் குனிந்தாள்,
வாசல்களோடு ரொம்பநாள் பழக்கம்போல.

பெயர் மரிவோன் கெரவெக்.
எழுத்துக்கூட்டி முடித்த ரீத்தம்மாள்
தொழில் என்ற கட்டத்தில் நின்றாள்.
ரிட்டயர்டு, என்று பதில் வந்தது.
வயது முப்பத்தாறு.
"பென்ஷன் உண்டான்னு கேளுங்க அக்கா"
ரகசியமாகத்தான் சொன்னாள்,
வரிசை முழுக்கச் சிரித்தது.

முதலில் கை.
புது முறிவு இல்லை.
பழையவை இருந்தன.
மோதிர விரல் கோணலாய்க் கூடியிருந்தது.
மணிக்கட்டில் ஒரு ஸ்க்ரூ,
எனக்கென்ன என்று வெள்ளையாய்.
நான் கேட்கவில்லை. அவளே
திரையைத் தொட்டுத் தொட்டு ஊர் சொன்னாள்.
இது ப்ரெஸ்ட், இரண்டாம் டிவிஷன்,
பாதிச் சம்பளம், அறை இலவசம்.
இது துலூஸ், இடித்துத் தள்ளியவள்
அடுத்த வருஷம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள்.
பதினாலு சீசன், ஐந்து ஊர்.
நாட்டு அணிக்கு ஒருமுறை அழைத்தார்கள்;
பதினொரு நாள் பெஞ்சில் இருந்தாள்.
அதற்கு எலும்பில் அடையாளம் இல்லை.

பிறகு விலா.
எங்கள் ஸ்டாண்டு ஓர் அளவுக்குமேல் ஏறாது,
ஓணத்திலிருந்து புகார் கிடக்கிறது.
முட்டு கொஞ்சம் மடக்குங்க,
மூச்சை இழுத்துப் பிடிங்க
என்று சைகை காட்டிவிட்டு
கண்ணாடிக்குப் பின்னால் போனேன்.

நின்றாள்.
நோயாளிகள் நிற்பதுபோல் அல்ல.
பாதங்கள் தோளகலத்தில்,
வலது ஒரு விரற்கடை முன்னால்.
இடது உள்ளங்கை
இல்லாத எதற்கோ பக்கவாட்டில் அணை கொடுத்தது.
எதிரே சுவர் இருந்தது எனக்கு மட்டும்தான்.

பட்டனை அழுத்த மறந்தேன்,
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.
ஆறு நொடி. ஏழு.
பிடித்த மூச்சு பிடித்தபடி.
படம் எடுக்காமலே
மூச்சு விடலாம் என்றேன்.
இன்னொரு முறை நிற்கச் சொன்னேன்.

விலா தப்பியிருந்தது.

மேசையோரம் உட்கார்ந்து சிரித்தாள்,
வலித்து, பாதியில் நிறுத்தினாள்.
கடைசி ஆட்டத்தில் இதே நிற்பு என்றாள்.
ஒரு புள்ளி பின்னால், இரண்டு வீச்சு பாக்கி.
முதலாவது உள்ளே போனது.
இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கும் கேட்க வரவில்லை;
என் ஆங்கிலம்
கழுத்தெலும்புக்கு மேல் ஏறாது.

போகும்போது ரசீதைக் கசக்கி
நடையின் மறுகோடிக் குப்பைக்கூடைக்கு
இடது கையால் எறிந்தாள்.
விளிம்பில் தட்டி வெளியே விழுந்தது.
"சே" என்றாள் ரீத்தம்மாள், காசு போனதுபோல்.

நடந்துபோய், எடுத்து,
விரித்துப் பார்த்தாள்.
அதன் பின்பக்கம்தான்
நாளைக்கு டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரம்.
நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
வாசலில் குனிந்தாள்.