சனிக்கிழமை, பதினொன்று முதல் பதினொன்றரை வரை

கடிதத்தை ஃபின்பார் தபாலில் அனுப்பவில்லை.
மழைக்கோட்டுக்குள் வைத்துத் தானே கொண்டுவந்தான்,
நனையக் கூடாதென்று.
"எழுத்துல குடுக்கணுமாம், யூனா" என்றான் வாசலில் நின்று,
வேறு யாரோ அவனை அனுப்பியதைப் போல.

ஒன்பது வருஷம்.
கொதிகலன் செத்துக் கிடந்த ஜனவரியில்கூட
வாடகை ஒருநாள் பிந்தியதில்லை.
அவனை வில்லனாக்கப் பார்த்தேன்,
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
ஆனால் அவன் அம்மா இருக்கும் காப்பகம்
மாதம் இத்தனை செங்கல் என்று
இந்த வீட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.
அதைச் சொன்னான். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.
கோபம் பிறகுதான் வந்தது,
அவன் குடித்த கோப்பையைக் கழுவும்போது.

படமெடுக்க ஒரு பையன் வந்தான்.
துணி காயும் கம்பியை மறைக்கச் சொன்னான்.
டெர்வ்லாவின் பள்ளிக் கால அட்டவணையைக்
குளிர்பெட்டிக் கதவிலிருந்து உரிக்கச் சொன்னான்.
"ஆள் இருக்கிறது தெரியக் கூடாது,
ஆனா இருக்கலாம்னு தோணணும்."
கெட்டிலை மட்டும் விட்டுவைத்தான்.
சிவப்பு, அறையைத் தூக்கிக் காட்டுகிறதாம்.

இப்போது விளம்பரத்தில் நிற்கிறது என் கெட்டில்,
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் யூரோவுக்குப் பக்கத்தில்.
"வெளிச்சமான மஞ்சள் சமையலறை."
அந்த மஞ்சள் நான் அடித்தது.
தள்ளுபடியில் இரண்டு டப்பா,
ஓர் ஈஸ்டர் விடுமுறை முழுக்க.
"அன்போடு பராமரிக்கப்பட்டது" என்று கீழே ஒரு வரி.
செயப்பாட்டு வினை.
செய்தவளைச் சொல்லத் தேவையில்லாத வினை.

வாடகைக்கு இடம் தேடிப் போனேன்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை.
தெருமுனைவரை வரிசை.
எனக்கு ஏழு பேர் முன்னால் ஜென்யல்டோ,
எங்கள் மாடியில் இருப்பவன்,
இறைச்சி ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
நேற்றிரவு என்னிடம் உப்பு வாங்கிப் போனவன்.
அவன் ஒருமுறை திரும்பினான்.
நான் கைப்பேசியில் எதையோ படித்தேன்.
அவனும் படிக்க ஆரம்பித்தான்.

சனிக்கிழமை வந்தார்கள்.
குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள்.
ஒருவர் என் கட்டிலின் நீளத்தைத் தன் காலடியால் அளந்தார்.
நான் என் சமையலறையில்
விருந்தாளியைப் போல ஓரமாக நின்றிருந்தேன்.

கடைசியாக ஓர் இளம் ஜோடி.
அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்,
காய்ச்சலுக்கு நெற்றியைத் தொடுவது போல.
"குளிர்காலத்துல எப்படி இருக்கும்?"
முகவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
மூன்று இரவுகளாக ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது;
ஃபின்பாருக்கு ஐம்பதாயிரமாவது நட்டமாகும் பதில்.
வாயைத் திறக்கும்போது அவள் சொன்னாள்,
"நாங்க இருக்கிற வீட்டையும் விக்கிறாங்க."

அலமாரியை ஒரு சாண் நகர்த்தினேன்.
பின்னால் அது, கரும்பச்சையாக,
ஒரு தேசத்தின் வரைபடம் அளவுக்கு.
"நவம்பர்ல வரும்.
வினிகர் போட்டுத் துடைங்க, மார்ச் வரைக்கும் தாங்கும்.
வாசனை மட்டும் போகாது."
முகவர் தொண்டையைச் செருமினார்.
அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்: வினிகர்.

இரண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்.
விற்பனைப் பலகை நட்டிருக்கும் இடம் எங்கள் நிறுத்தத்துக்கு நேர் எதிரே.
பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.
அதே ஜோடி.
மூன்று மணி நேரமாக இந்தத் தெருவிலேயே நடந்திருக்கிறார்கள்,
தலைமுடியெல்லாம் தூறல்.
அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள்.
சீருடையில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது.

இறக்கம். கால் பிரேக்கில்.
வளைவு வரும்வரை அவள்
அந்த வீட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
கண்ணாடியில் அவள் தெரிந்தாள்,
பின்னால் வீடும்.
நான் சாலையைப் பார்த்தேன்.